உபயம்

வடசென்னையில், டி.எச். ரோட்டில் திருவொற்றியூர்த் தேரடியிலிருந்து தண்டையார்பேட்டைப் பக்கம் போனால் கம்பங்களிலும் மதில்களிலும் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். 'பழைய கட்டடங்கள் வாங்கி இடிக்கப்படும்.' கீழே ஒரு செல் நம்பர். அதில் 'வாங்கி' என்ற சொல்லை நான் ரொம்ப நாள் கவனித்ததில்லை. இடிக்கிறவர்கள் சும்மா இடிப்பதில்லை, கட்டடத்தை விலைக்கு வாங்கித்தான் இடிக்கிறார்கள். தேக்கு உத்தரம், கதவு, சன்னல், இரும்புக் கிராதி, உடையாத செங்கல் எல்லாம் அவர்களுக்கு. மிச்சம் ரப்பீஷ். உத்தரங்கள் நன்றாக இருந்தால் அவர்கள் வீட்டுக்காரருக்குப் பணம் தருவார்கள். செல்லரித்துப் போயிருந்தால் வீட்டுக்காரர் அவர்களுக்கு இடிகூலி தர வேண்டும். ஒரு கட்டடத்தை இத்தனை நாள் எந்த லட்சணத்தில் வைத்திருந்தோம் என்பது அந்தப் பேரத்தில் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்ச் சாவடிக்கு இடிகூலி தரவேண்டி வந்தது.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் இன்னார் வீட்டுப் பையன் என்று ரெண்டே கேள்வியில் பிடித்துவிடுவார்கள். பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே, திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1978-ல் நான் பிறந்தபோது அது செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் ஆனது. 2011-ல் சென்னை மாநகராட்சி தன் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரித்தபோது அதற்குள் விழுந்தோம். 2018-ல் மாவட்டமும் சென்னை. வீடு மாறாமலேயே மூன்று மாவட்டத்தில் குடியிருந்தாயிற்று.

சாவடி என்றால் இந்தக் காலப் பிள்ளைகளுக்கு டோல்கேட்தான் ஞாபகம் வரும். அது வேறு. இது கிராமச் சாவடி. ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணமும் ஊர்த் தலைமை பார்க்கிற மணியக்காரரும் உட்கார்ந்து கிஸ்தி என்கிற நிலவரியை வசூலிக்கிற இடம். யார் நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிய அடங்கல் நோட்டு, சிட்டா, எல்லாம் பின்னறையில் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். ஜமாபந்தி என்கிற வருஷக் கணக்குத் தணிக்கைக்கு அதிலிருந்துதான் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். தண்டோரா போடுகிறவர் அந்த வாசலிலிருந்துதான் கிளம்புவார். பஞ்சாயத்தும் அங்கேதான். ரொம்பப் பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. முப்பது அடிக்குப் பதினெட்டு அடி. முன்னால் இரண்டு பக்கமும் திண்ணை, திண்ணைக்கு நான்கு உருண்டைத் தூண்கள், உள்ளே ஒரு கூடம், பின்னால் அந்த அறை. சுவர் இரண்டடிக் கனம். சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் பானைத் தண்ணீரில் கைவிட்ட மாதிரி இருக்கும். என் ஆயாவுக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அது பழைய கட்டடமாம்.

எங்கள் வீடு காலனியில். நைனா, அதாவது என் அப்பா, கொத்தனார். அவருடைய அப்பாவும் கொத்தனார். அந்தச் சாவடியின் மட்டப்பாவைப் பார்த்துக்கொள்வது எங்கள் வீட்டு வேலை.

மட்டப்பா என்று நாங்கள் சொல்வதைத்தான் வெளியூர்க்காரர்கள் மெட்ராஸ் டெரஸ் என்கிறார்கள். அதைப் பற்றி நைனா சொல்லக் கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். ஒன்றரை அடிக்கு ஒன்றாக அதன்மேல் குறுக்குக் கட்டைகள். அதற்கு மேல் உள்ளங்கை அகலத்தில், ஒரு அங்குலக் கனத்தில் இருக்கும் சின்னச் செங்கல்லைப் படுக்க வைக்காமல் நெட்டுக்குத்தாக, கட்டைகளுக்குக் கோணலாக, மூலையிலிருந்து வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் சாரம் கிடையாது, பலகை கிடையாது. ஒரு வரிசை பிடித்தபின் அது அடுத்த வரிசையைத் தாங்கும். "பக்கத்துல இருக்கிறவன் தோள்ல சாஞ்சிக்கினு நிக்குறானுங்க பாரு, அதான் மட்டப்பா" என்பார் நைனா. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்காகத் தட்டுவார்கள். கட்டை பட்டால் துள்ளுகிற அளவுக்கு இறுகின பிறகு மேலே தட்டை ஓடுகளை ஒட்டுவார்கள்.

சுண்ணாம்பு எண்ணூர், பழவேற்காடு பக்கத்துக் கிளிஞ்சல். காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து வட்டக் குழியில் மாடு கட்டிக் கல்லுருளையால் அரைத்து, அப்புறம் புளிக்கப் போட வேண்டும். அவசரக்காரனுக்கு ஆகிற பொருள் இல்லை. நைனா கட்டியது எல்லாம் சிமென்ட் காலத்து வீடுகள்தான், ஆனால் சாவடி வேலைக்கு மட்டும் புரட்டாசி பிறந்ததும் வீட்டுப் பின்னால் ஒரு உடைந்த தொட்டியில் சுண்ணாம்பு ஊறும். மழைக்கு முன்னால் ஏணி போட்டு ஏறி, தளத்து மழைத்தண்ணீர் வடிகிற தூம்பின் அடைப்பை எடுத்து, வெடிப்புகளில் சுண்ணாம்பை நிரப்பி, கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றுகளைப் பிடுங்குவார். பிடுங்க வராத வேரில் கத்தியால் கீறிப் பெருங்காயத்தை அப்புவார். பட்டுப்போகும் என்று அவர் அப்பா சொன்னதாம். அம்மா அந்தப் பெருங்காயத்துக்கு வருஷா வருஷம் சண்டை போடுவார். ரசத்துக்கே இல்லை, சுவருக்கு என்ன கேடு என்று.

இத்தனையும் செய்கிறவர் அந்தச் சாவடித் திண்ணையில் உட்காரக் கூடாது.

இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. நைனாவும் வருத்தமாகச் சொன்னவர் இல்லை, நேற்று மழை பெய்தது என்பது மாதிரி சொல்வார். வேலைக்குப் போகும்போது ஏணியைப் பின்பக்கச் சுவரில்தான் சாத்த வேண்டும். மேலே ஏறித் தளத்தில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், குந்தி உட்காரலாம், பசித்தால் கொண்டுபோன கூழைக் குடிக்கலாம். கீழே இறங்கினால் திண்ணைக்கு முன்னால் மண்ணில் நின்றுதான் கூலி வாங்க வேண்டும். கிஸ்தி கட்டவோ ஏதாவது கேட்கவோ போனாலும் காலனிக்காரர்கள் பூவரச மரத்தடியில் நிற்க வேண்டியதுதான். தலைமேல் ஏறலாம், மடியில் உட்காரக் கூடாது.

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்து, 1969-ல் ஓடத் தொடங்கியது. பின்னாலேயே உரம், ரசாயனம் என்று வரிசையாக வந்தன. வயல் குறையக் குறையக் கர்ணத்துக்கு அடங்கலில் எழுதுகிற வேலை குறைந்தது. காலனி ஆண்கள் ஒப்பந்தக் கூலிக்குப் போனார்கள். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் வேலைகளை ஒரேயடியாக ஒழித்தது. இரும்புப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாவடிக்குப் பூட்டு. திண்ணையில் ஆடுகள் படுத்தன. ஆடுகளை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

1982 ஜூலையில் சத்துணவு வந்தது. முதலில் கிராமங்களில்தான். பால்வாடிக்கு இடம் தேடினார்கள். ஊரில் காலியாக இருந்த ஒரே அரசாங்கக் கட்டடம் சாவடி. எனக்கு நான்கு வயது. ஞாபகம் இருக்கிறதா, சொல்லிச் சொல்லி ஞாபகம் ஆனதா என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் அந்தத் தரையின் குளிர்ச்சி எனக்குத் தெரியும், அதை யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். ஊர்த்தெருவிலிருந்து பாதி வீடுகள் முதல் மாதம் பிள்ளைகளை அனுப்பவில்லை. அப்புறம் அனுப்பினார்கள். சாம்பார் வாசனை தெருவுக்கெல்லாம் ஒன்றுதானே.

அம்மா சொல்லி அறிந்தது இது. முதல் நாள் நைனா வேலைக்குப் போகவில்லை. பூவரச மரத்தடியில், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று, சன்னல் வழியாக நான் தட்டில் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் வெளியே வந்து, "உள்ள வந்து உக்காந்து பாருங்களேன்" என்றாராம். "இல்லம்மா, இங்கருந்தே நல்லா தெரியுது" என்றாராம் நைனா. அவர் அன்றைக்கும் ஏறவில்லை. அதற்கப்புறமும் ரொம்ப வருஷம் ஏறவில்லை.

நான் பத்தாவது முடித்து, எலெக்ட்ரிகல் கடையில், பெயின்ட் கடையில் எல்லாம் நின்று, 2003-ல் சொந்தமாக ஒரு ஹார்டுவேர் கடை போட்டேன். காலடிப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், பத்துக்குப் பன்னிரண்டு. சிமென்ட், பெயின்ட், பைப், ஆணி. கொத்தனார் மகன் சிமென்ட் விற்கிறான் என்று நைனாவுக்கு உள்ளூரப் பெருமை. கடைக்கு வந்தால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொள்வார், நாற்காலி இருந்தாலும்.

2005 மழை யாருக்கும் மறந்திருக்காது. ஐப்பசி முழுக்கப் பெய்து, கார்த்திகையிலும் விடவில்லை. சாவடியின் முன் சுவரில் காரை பொரிந்து பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே குழந்தைகள். பால்வாடி டீச்சர் கடைக்கு வந்து, "எதாவது பண்ணுங்க தம்பி, நீங்க இங்க படிச்ச பிள்ளதானே" என்றார். எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. பதினான்கு மூட்டை சிமென்ட், ஒரு லோடு மணல், ஆள் கூலி எல்லாம் என் செலவு என்று சொன்னேன். இருபத்தேழு வயது. எங்கள் அப்பாவை மண்ணில் நிற்கவைத்த கட்டடத்துக்கு நான் உபயம் செய்கிறேன் என்ற நினைப்பு தலைக்குள் எப்படி ஏறியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

நைனாவுக்கு அப்போது முட்டி போய்விட்டது. ஏணி ஏறுவதில்லை. செய்தி கேட்டதும் கைத்தடியோடு சாவடிக்கு வந்தார். சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"இன்னாடா போடப்போற?"

"சிமென்ட்டு நைனா. ஒண்ணுக்கு நாலு கலவை."

"வோணாம்டா. சுண்ணாம்பும் சிமிட்டியும் சேராது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சேராது என்பதை இந்த வாசலில் நின்று இவர் சொல்கிறாரே என்று. அதை வாய்விட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"சுவுத்துக்கும் வேர்க்கும்டா. கீழருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்பு வழியா வெளிய போவும். நீ ரெயின்கோட்டு மாட்டிட்டா அது எங்க போவும், உள்ளயேதான் இருக்கும். உப்பு வேற."

சுண்ணாம்புக்கு எங்கே போவது? கடைகளில் கிடைத்தது வெள்ளையடிக்கிற பவுடர். கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி வந்து நீற்றிப் புளிக்கவைத்துப் பூச வாரக்கணக்கில் ஆகும், பூசத் தெரிந்த கை நைனாவுடையது மட்டும்தான், அதுவும் தடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சிமென்ட் என்றால் திங்கட்கிழமை பால்வாடி திறந்துவிடலாம். இதெல்லாம் அன்றைக்கு நான் சொன்ன காரணங்கள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான், இப்போதும் அதில் எதையும் பொய் என்று சொல்லமாட்டேன். சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. சிமென்ட் பூச்சு வழவழவென்று புதுசாக இருக்கும், ஊர் பார்க்கும்.

நான்கு பக்கமும், அடியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை பூசினோம். முன் சுவரில் வாசலுக்கு வலப்பக்கம், ஆர்ட்டிஸ்ட் ஒருவரைக் கூட்டிவந்து, நீலத்தில் பெரிதாக எழுதவைத்தேன். 'உபயம்', அதன் கீழே கடைப் பெயர், அதற்கும் கீழே என் பெயர், இன்னார் மகன் என்று நைனா பெயர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எது என்று கேட்டு அதை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். தொடுவதற்குத் திண்ணைமேல் ஏற வேண்டியிருந்தது. ஏறினார். உட்கார்ந்தார். கால் வலிக்குது என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம் இரண்டு பேரும். அவருக்கு அறுபத்தெட்டு வயது.

அதே 2005-ல்தான் ராயபுரம் ரயில் நிலையத்தையும் புதுப்பித்தார்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய கட்டடம். அந்தத் தூண்களைப் பார்த்துவிட்டு வந்து, நானும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன் என்று கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அடக்கமாக இருந்திருக்கலாம்.

2011-ல் நைனா போய்விட்டார். சாவடி அப்போது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. உள் பக்கம் மட்டும் தரையிலிருந்து இரண்டடிக்கு எப்போதும் ஒரு ஈர வரி. சுண்ணாம்பு அடித்தால் மூன்று மாதத்தில் உப்பு பூத்துப் பஞ்சு மாதிரி நிற்கும். எண்ணூர்க் காற்று, கடல் உப்பு, என்ன செய்ய என்பார்கள். நான் டேம்ப் புரூஃப் பெயின்ட் ஒரு டின் கொடுத்தேன். அதுவும் உபயம்தான்.

2015 வெள்ளத்தில் பூண்டி உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வந்து எங்கள் பக்கத்தை எல்லாம் மூழ்கடித்தது. சாவடிக்குள் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள். வடிந்த பிறகு வெளிப்பக்கம் பளிச்சென்று காய்ந்தது, உள்பக்கம் அடுத்த ஆடி வரைக்கும் காயவில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் பூவரசைச் சாய்த்தது. மரம் கைப்பிடிச் சுவரில் விழுந்து தூம்பை உடைத்தது. அதைச் சரிசெய்ய ஏணியோடு யாரும் போகவில்லை. என் வீட்டில் ஏணி இருந்தது. என் கடையில் நான்கு ஏணி விற்பனைக்கு நின்றன. பால்வாடியைப் புதுக்கட்டடத்துக்கு மாற்றினார்கள். அதன்பின் சாவடி, திருமண பேனர்களின் பின்புறமாகவும் ராத்திரியில் குடிக்கிறவர்களுக்கு நிழலாகவும் இருந்தது. குடிக்க நிழல் எதற்கு என்று கேட்காதீர்கள். அரசங்கன்று மரமாகி, காற்றடித்தால் சலசலத்தது.

சென்னையில் பாரம்பரியக் கட்டடங்கள் என்று நானூற்றுச் சொச்சம் பெயர்களோடு ஒரு பட்டியல் உண்டு. உயர்நீதிமன்றம் அமைத்த குழு தயாரித்தது. மாநிலத்துக்கென்று பாரம்பரிய ஆணையச் சட்டமும் 2012-ல் வந்தது, ஆணையம் அமைய அதற்கப்புறம் பல வருஷம். பட்டியலைப் போட்டபோது நாங்கள் நகரத்தில் இல்லை. நகரத்துக்குள் வந்தபோது, கிராமம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாக நின்றது அந்தக் கட்டடம் ஒன்றுதான். ஆனால் பட்டியலைக் குறைசொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. பட்டியலில் இருக்கிற கட்டடத்துக்கும் தூம்பு அடைத்தால் யாராவது ஏறித்தான் ஆக வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம். ஒரு ராத்திரி கூடத்தின் வடக்கு மூலைத் தளம் இறங்கிவிட்டது. நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. மறுவாரம் ஊரில் மனு எழுதினார்கள். ஆபத்தான நிலையில் உள்ள கட்டடத்தை அகற்றிப் பல்நோக்குக் கூடம் கட்டித் தர வேண்டும் என்று. கையெழுத்துக்கு என்னிடமும் வந்தார்கள். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. போடமாட்டேன் என்று சொல்ல என்னிடம் காரணம் இருந்தது, ஆனால் பக்கத்திலேயே சந்து, சந்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். போட்டேன். காலனியில் ஒரு பெரியவர் மட்டும், "இடிங்கடா, நல்லா இடிங்க, நான் வந்து பாக்கறேன்" என்றார். அவர் சொன்னதன் நியாயமும் எனக்குத் தெரியும். என் தம்பி மகளுக்கு இந்த விஷயமே தெரியாது. அவள் அது பழைய ஸ்கூல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இடிக்க வந்தது 2024 ஆடியில். "ஆடியில பூஜைதான் போடமாட்டாங்க, இடிக்கிறதுக்கு இன்னாண்ணே" என்றார் காண்ட்ராக்டர். சுற்றி வந்து உத்தரங்களைக் கடப்பாரை முனையால் குத்திப் பார்த்தார். நடுவில் டங் டங் என்று மணி மாதிரி சத்தம். சுவருக்குள் போகிற முனையில் குத்தினால் கடப்பாரை அப்படியே உள்ளே இறங்கியது. எட்டு உத்தரத்தில் ஆறுக்கு இதே கதை. "மரம் பர்மா தேக்குண்ணே, இன்னும் நூறு வருஷம் தாங்கும். சுவுத்துல இருக்கிற ஈரம் தின்னுடுச்சு. ரெண்டு பக்கமும் வெட்டினா கட்டில் கால்தான் செய்யலாம்." அப்படித்தான் இடிகூலியைக் கூட்டிக் கேட்டார்.

முதல் நாள் ஆள்களை விட்டுத் தளத்தைப் பிரித்தார்கள். இறங்காமல் இருந்த தெற்குப் பாதியில் அந்தச் சின்னச் செங்கல்கள் ஒன்றுகூட உடையாமல் கழன்று வந்தன. சுண்ணாம்புச் சாந்தின் குணம் அது, பிடித்தும் இருக்கும், விடச் சொன்னால் விட்டும் விடும். கையில் எடுத்துத் தட்டினால் சாந்து உதிர்ந்து செங்கல் சுத்தமாக நிற்கும். தலைக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்த அக்கா ஒருத்தர், "இன்னாண்ணே இது, பிஸ்கட்டு மாதிரி கீது" என்றார். முந்நூறு எடுத்துவைத்தேன். இப்போது மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இரண்டாம் நாள் ஜேசிபி. உள்பக்கமிருந்து பக்கெட்டை வைத்துத் தள்ளியதும் கிழக்குச் சுவர், சுவராக விழவில்லை. கொட்டியது. வெளியே என் சிமென்ட் பூச்சு ஒரு முழுப் பலகையாக நிற்க, அதன் பின்னாலிருந்த செங்கல் சிவப்பு மாவாகச் சரிந்தது. கையில் அள்ளிப் பார்த்தேன், இன்னும் ஈரம். ஆடி மாசம், மூன்று வாரமாக மழை இல்லை. விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தேன். உப்பு. நைனா சொன்ன வரிசையிலேயே எல்லாம் இருந்தது. ஈரம் கீழிருந்து ஏறியிருந்தது, வெளியே போக வழி கிடைக்காமல் பூச்சுக்குப் பின்னால் நின்றிருந்தது, உப்பு பூத்துப் பூத்துச் செங்கல்லை உள்ளேயே அரைத்திருந்தது, சுவரில் செருகியிருந்த உத்தர முனைகளைத் தின்றிருந்தது. பின்பக்கத்தில் ஒரு மூன்றடி அகலம், தண்ணீர்த் தொட்டி மறைத்ததால் 2005-ல் நாங்கள் பூசாமல் விட்டது. அங்கே பழைய காரை பொரிந்து அசிங்கமாக இருந்தது. அந்த மூன்றடியை உடைக்கத்தான் ஜேசிபிக்கு நேரம் பிடித்தது.

பக்கத்தில் நின்றவர்களிடம் இதைச் சொன்னேன். "பழசாயிடுச்சிண்ணே, இன்னா பண்றது" என்றார்கள்.

முன் சுவரைக் கடைசியாக எடுத்தார்கள். திண்ணையும் தூண்களும் ஏற்கெனவே போயிருந்தன. பக்கெட் மேலிருந்து அழுத்தியதும் செங்கல் பின்னால் சரிந்து, எழுத்து இருந்த பூச்சு ஏழடிக்கு நான்கடி ஒரே துண்டாக முன்னால் வந்து, மண்ணில் மல்லாந்து விழுந்தது. கீறல்கூட இல்லை. நீலம் வெளுத்திருந்தது, படிக்க முடிந்தது. உபயம். கடைப் பெயர். என் பெயர். நைனா பெயரில் முதல் எழுத்து மட்டும் போயிருந்தது. அவர் பூவரசடியில் நிற்கும் இடத்துக்குச் சரியாக அது விழுந்திருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அங்கே விழவில்லை. சாக்கடை ஓரமாக விழுந்தது.

ஜேசிபி ஓட்டுகிற தம்பி, இருபது வயது இருக்கும், இறங்கிவந்து படித்தார். கடைப் பெயரைப் பார்த்துவிட்டு என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். அதிலும் அதே பெயர்.

"உங்க கடையாண்ணே?"

"ஆமாம்பா."

பக்கெட்டின் பல்லால் இரண்டு தடவை குத்தினார். மூன்றாவது தடவை பலகை நகர்ந்ததே தவிர உடையவில்லை.

"செம ஸ்ட்ராங்கா போட்டுகிறீங்கண்ணே."

ரப்பீஷ் லாரியில் அதை ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.